ஆடியவளை மேசைக்கு அனுப்பாதீர்கள்

நாட்டுக்காக ஆடிய ஒரு பெண்ணுக்கு ரயில்வேயிலோ வங்கியிலோ வேலை கிடைத்துவிட்டால், அவளுக்கு நாம் செய்ய வேண்டியதெல்லாம் முடிந்தது என்பது இங்கே ஏறத்தாழ எல்லோருடைய எண்ணமும். பெற்றோர், கல்லூரி நிர்வாகிகள், உடற்கல்வித் துறையினர், விளையாட்டுச் சங்கத்தார் என யாரும் இதில் வேறுபடுவதில்லை. அந்தப் பெண்ணே ஒருநாள், ஒரு மகளிர் கல்லூரியின் கூடைப்பந்து அணிக்கு உதவிப் பயிற்சியாளராகப் போகிறேன் என்று சொன்னால் வீட்டில் துக்கம் விழுந்ததுபோல் ஆகிவிடும். இந்தியாவுக்கு ஆடியவள் ஒரு காலேஜ் பி.டி. மாஸ்டருக்குக் கீழே போய் நிற்பதா என்பார்கள். இந்த எண்ணம் தவறு. அதன் விலையைக் கொடுப்பவர்கள் அந்த ஆட்டக்காரியும், அவளிடம் கற்றிருக்க வேண்டிய அடுத்த தலைமுறைப் பெண்களும்.

எதிர்த்தரப்பை அதன் முழு வலுவோடு முதலில் சொல்லிவிடுகிறேன். நல்ல ஆட்டக்காரர் நல்ல பயிற்சியாளராக இருப்பார் என்று எந்த உறுதியும் இல்லை. ஆடுவது ஒரு திறமை, கற்பிப்பது வேறொன்று. கற்பிப்பதற்கென்று பாட்டியாலாவில் 1961 முதல் தேசிய விளையாட்டுக் கழகம் இருக்கிறது. அங்கே பட்டயம் பெற்றவர்களும், உடற்கல்வியில் முதுகலை முடித்துத் தகுதித் தேர்வு எழுதியவர்களும் வேலைக்குக் காத்திருக்கிறார்கள். அவர்களை விலக்கிவிட்டு, ஆடினாள் என்பதற்காக ஒருத்தியை நியமிப்பது நியாயமா? கல்லூரிகளில் ஓர் உடற்கல்வி இயக்குநர் பணியிடத்தை நிரப்பவே திண்டாட்டமாக இருக்கையில் உதவிப் பயிற்சியாளருக்குப் பணம் எங்கிருந்து வரும்? ரயில்வே வேலையும் ஓய்வூதியமும் ஒரு ஏழை வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையையே மாற்றியிருக்கின்றன. அதை விட்டு வா என்று எந்த உரிமையில் சொல்வது? இவை விதண்டாவாதங்கள் இல்லை. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

ஒன்று: ஆடத் தெரிந்தவருக்குக் கற்பிக்கத் தெரிய வேண்டியதில்லை என்கிறார்கள். சரிதான். ஆனால் இந்த வாதம் தலைமைப் பயிற்சியாளர் பதவிக்குச் சொல்லப்பட வேண்டியது. உதவிப் பயிற்சியாளர் பதவியோ இந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளும் இடம். அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தின் மிகப் பெரிய வெற்றியாளர் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஜீனோ ஔரியெம்மா. 2025 வரை 12 தேசியப் பட்டங்கள். அவர் தொழில்முறையில் ஆடியவர் இல்லை. எதிர்த்தரப்பினர் இவரைத்தான் முதலில் காட்டுவார்கள். ஆனால் அவர் அங்கே வந்த 1985ஆம் ஆண்டிலிருந்தே அவர் பக்கத்தில் இருப்பவர் கிறிஸ் டெய்லி. ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் 1982இல் தேசியப் பட்டம் வென்றபோது அந்த அணியில் ஆடியவர். ஆட்டக்காரியாகத் தொடங்கியவர்கள் பயிற்சியாளர்களாக எப்படி விளைகிறார்கள் என்பதற்கு இன்னும் இரண்டு பேரைச் சொல்லலாம். 1984 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகத் தங்கம் வென்ற கிம் முல்கி, லூசியானா டெக்கில் 15 ஆண்டுகள் உதவிப் பயிற்சியாளராக இருந்த பிறகே 2000இல் பெய்லரில் தலைமைப் பொறுப்பேற்றார். 2001இல் நோத்ர தாம் பல்கலைக்கழகத்துக்காகப் பட்டம் வென்று, பிறகு தொழில்முறைக் கூட்டமைப்பான டபிள்யூ.என்.பி.ஏ.வில் ஆடிய நீல் ஐவி, 2007இல் தன் பழைய பல்கலைக்கழகத்துக்கே உதவிப் பயிற்சியாளராகத் திரும்பினார். பன்னிரண்டு ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார். 2020இல்தான் தலைமை இடம் அவருக்கு வந்தது. ஒலிம்பிக் தங்கத்தை வீட்டில் வைத்துக்கொண்டு இன்னொருவருக்கு உதவியாளராக 15 ஆண்டு இருந்ததை அங்கே யாரும் இழிவாகப் பார்க்கவில்லை. கற்பிக்கக் கற்றுக்கொள்ளும் காலம் அது. ஆடியவர்களுக்குக் கற்பிக்கத் தெரியாது என்பவர்கள், அவர்கள் அதைக் கற்றுக்கொள்ளும் ஒரே இடத்தையும் மறுத்துவிட்டால், பிறகு தங்கள் கூற்றுக்குத் தாங்களே சான்றுகளை உண்டாக்கிக்கொள்கிறார்கள்.

இரண்டு: பட்டயம் இருக்கும்போது அனுபவம் எதற்கு என்பது அடுத்தது. இதற்கு விடை புதுவயலிலேயே இருக்கிறது. காரைக்குடியிலிருந்து அறந்தாங்கி போகும் சாலையில், அரிசி ஆலைகளுக்குப் பேர்போன ஊர் அது. நெல்லை எத்தனை மணிநேரம் ஊறவைப்பது, எவ்வளவு ஆவி விடுவது என்பதையெல்லாம் எழுதி வைத்துவிடலாம். ஆனால் களத்தில் காயும் நெல் அரைவைக்கு வந்துவிட்டதா என்று முடிவு செய்பவர், ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்க்கிறார். ஈரம் மிஞ்சினால் அரிசி நசுங்கும், காய்ச்சல் மிஞ்சினால் நொய்யாகும். அந்தப் பதம் அவருடைய பல்லில் இருக்கிறது; பல ஆண்டுக் களத்து வெயில் கொடுத்த அறிவு அது. ஈரம் அளக்கும் கருவி வந்த பிறகும் அவர் சொல்லுக்கு ஆலையில் மதிப்பு உண்டு.

கூடைப்பந்திலும் எழுதி வைக்க முடிவதும் எழுத முடியாததும் உண்டு. பந்து வளையத்தில் பட்டுத் திரும்பும்போது எதிராளியை முதுகால் மறித்து இடம் பிடிக்க வேண்டும் என்று எந்தப் பாடநூலும் சொல்லும். தன்னைவிட அரை அடி உயரமான சீனத்து ஆட்டக்காரியை மறிக்கும்போது இடுப்பை எவ்வளவு தாழ்த்துவது, முழங்கை எந்த நொடியில் நடுவரின் கண்ணுக்குத் தவறாகிவிடும், நான்காவது கால்பகுதியில் கால் கனக்கும்போது எந்த ஓட்டத்தை விட்டுக்கொடுத்து எதை விட்டுக்கொடுக்காமல் இருப்பது என்பதெல்லாம் ஆடிய உடம்புக்கு மட்டுமே தெரியும். அனிதா பால்துரை 2001 முதல் 2017 வரை ஒன்பது ஆசிய வாகையர் போட்டிகளில் ஆடியவர். இந்திய அணியின் தலைவராக இருந்தவர். 2021இல் பத்மஸ்ரீ பெற்றவர். சென்னைக்காரர், தெற்கு ரயில்வேயில் வேலை. கேரளத்தில் பிறந்து அதே தெற்கு ரயில்வேக்கு ஆடிய கீத்து அன்னா ஜோஸ் ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் அணியில் தொழில்முறையாக ஆடினார்; 2011இல் டபிள்யூ.என்.பி.ஏ. அணிகள் மூன்று அவரைத் தேர்வு முகாமுக்கு அழைத்தன. இந்த இருவரும் ஆடிக் கற்றது எந்தப் பட்டயப் படிப்பின் பாடத்திட்டத்திலும் இருக்க வழியில்லை. பாட்டியாலாப் படிப்பைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. உடற்கூறு, பயிற்சித் திட்டமிடல், உளவியல் எல்லாம் அங்கே முறையாகக் கற்றுத்தரப்படுகின்றன, அவை வேண்டும். படித்தவர் தலைமையிலும் ஆடியவர் பக்கத்திலும் இருக்கும் அணியைத்தான் கேட்கிறேன். இப்போது நம்மிடம் இருப்பது பாதி அணி.

மூன்றாவது வாதத்தைத் தகுதி என்ற பெயரில் சொல்கிறார்கள்: விதி திறந்துதானே இருக்கிறது, ஆடியவர்கள் விண்ணப்பிக்கட்டுமே. விதியை எடுத்துப் படித்துப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி, கல்லூரி உடற்கல்வி இயக்குநராக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உடற்கல்வியில் 55 விழுக்காட்டோடு முதுகலை, அதன்மேல் தகுதித் தேர்வு. மற்றது, ஏதாவதொரு முதுகலைப் பட்டத்தோடு ஆசிய விளையாட்டிலோ காமன்வெல்த் விளையாட்டிலோ பதக்கம். இரண்டாவது வழி ஆட்டக்காரர்களுக்காகவே வைக்கப்பட்டது. ஆனால் கூடைப்பந்தில் இந்தியா ஆசிய விளையாட்டில் ஒரு பதக்கமும் வென்றதில்லை, ஆடவரும் இல்லை, மகளிரும் இல்லை. காமன்வெல்த் விளையாட்டில் ஐவர் கூடைப்பந்து சேர்க்கப்பட்டதே 2006இலும் 2018இலும்தான்; அங்கும் நமக்குப் பதக்கம் இல்லை. ஆக, பத்மஸ்ரீ பெற்ற ஒரு கூடைப்பந்துத் தலைவிகூட ஆட்டத்தின் பேரில் அந்தக் கதவு வழியாகக் கல்லூரிக்குள் நுழைய முடியாது. மல்யுத்த வீராங்கனையும் குத்துச்சண்டை வீராங்கனையும் நுழையலாம், அது நல்லதே. பதக்கம் வராத விளையாட்டில்தான் நல்ல பயிற்சி மிகவும் வேண்டியிருக்கிறது. அந்த விளையாட்டுக்குப் பதக்கத்தைக் கேட்டுக் கதவைச் சாத்துகிறது விதி. அதோடு அந்த விதிமுறையில் விளையாட்டுக்கென்று இருப்பது உடற்கல்வி இயக்குநர்களின் வரிசை மட்டுமே. ஒரு விளையாட்டுக்கென்று ஒரு பயிற்சியாளர், அவருக்கு ஓர் உதவியாளர் என்ற எண்ணமே அதில் இல்லை.

இதனால் என்ன நடந்தது என்பதற்கு ஒரு பெயர் போதும். வாரணாசியின் ஐந்து கூடைப்பந்துச் சகோதரிகளில் ஒருவரான திவ்யா சிங், 2006 மெல்போர்ன் காமன்வெல்த் விளையாட்டில் இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கினார். பிறகு விளையாட்டு மேலாண்மை படிக்க அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்துக்குப் போனார். படித்துக்கொண்டே அங்குள்ள மகளிர் அணிக்கு உதவிப் பயிற்சியாளராகப் பணியாற்றினார். திரும்பி வந்து இந்திய ஆடவர் அணிகளுக்கும் பயிற்சி தந்தார். இந்தியாவுக்குத் தலைமை தாங்கிய ஒரு பெண்ணுக்குக் கல்லூரி மகளிர் அணியின் உதவிப் பயிற்சியாளர் என்ற பதவி கிடைத்தது டெலவேரில். அந்த ஊர் மாணவிகள் அவரிடம் கற்றார்கள். வாரணாசியிலோ சென்னையிலோ காரைக்குடியிலோ அவர் அந்தப் பதவியைக் கேட்டிருந்தால், அப்படியொரு பதவி பட்டியலில் இல்லை என்பதுதான் பதிலாக இருந்திருக்கும்.

நான்கு: பெண்களுக்கு வாய்ப்பும் பணமும் பெருகட்டும், பெண் பயிற்சியாளர்கள் தானாக வருவார்கள் என்று நல்லெண்ணம் உடையவர்கள் சொல்கிறார்கள். எல்லா வாதங்களிலும் கேட்க இனிமையானது இதுதான். வரலாறு இதை நேர்மாறாகக் காட்டியிருக்கிறது. 1972இல் கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் ஒன்பதாம் தலைப்புச் சட்டம் அமெரிக்காவில் வந்தபோது, கல்லூரிப் பெண்கள் அணிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றுக்குப் பெண்களே பயிற்சியாளர்கள். சட்டம் வந்தது, பணம் வந்தது, உதவித்தொகை வந்தது, ஆடும் பெண்களின் எண்ணிக்கை பல மடங்கு பெருகியது. பயிற்சியாளர் பதவி சம்பளமும் மதிப்பும் உள்ளதாக ஆனவுடன் ஆண்கள் அதற்கு வந்தார்கள். 2014இல் பெண் பயிற்சியாளர்களின் பங்கு நூற்றுக்கு நாற்பத்து மூன்று. கூடைப்பந்து பெண்களுக்கு வந்ததே ஒரு மகளிர் கல்லூரி வழியாகத்தான்: 1891இல் ஜேம்ஸ் நைஸ்மித் ஸ்பிரிங்ஃபீல்டில் இந்த ஆட்டத்தை உருவாக்க, அடுத்த ஆண்டே பக்கத்து ஊர் ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரென்சன் என்ற ஆசிரியை அதைத் தன் மாணவிகளுக்குக் கற்பிக்கத் தொடங்கிவிட்டார். பெண்களே கற்பித்துப் பெண்களே வளர்த்த ஆட்டத்திலும், பணம் வந்த பிறகு பயிற்சியாளர் இடங்கள் பல பெண்கள் கையைவிட்டுப் போயின. தமிழ்நாட்டில் இப்போது முதலமைச்சர் கோப்பையில் கல்லூரி மாணவிகள் ஆடுகிறார்கள். அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் பணம் பெருகும் இந்த நேரத்திலேயே பெண்களுக்கென்று பயிற்சியாளர் இடத்தை எழுதி வைக்காவிட்டால், பிறகு எழுத இடம் இருக்காது.

ஐந்தாவது, வெளிப்படையாகச் சொல்லாமல் நடைமுறையில் காட்டப்படுவது. ஆண் பயிற்சியாளர் பயிற்சி தருவார். வெளியூர்ப் போட்டி என்றால் துணைக்கு ஒரு பெண் மேலாளரை அனுப்பிக்கொள்ளலாம். 2022 ஜூனில், வெளிநாட்டுப் பயிற்சி முகாமில் ஒரு சைக்கிள் வீராங்கனை தன் பயிற்சியாளர்மீது புகார் சொன்ன பிறகு, வீராங்கனைகள் போகும் அணிகளோடு பெண் பயிற்சியாளர் கட்டாயம் போக வேண்டும் என்று இந்திய விளையாட்டு ஆணையம் கூட்டமைப்புகளுக்கு உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு மல்யுத்த வீராங்கனைகள் தங்கள் புகார்களுக்கு நீதி கேட்டு டெல்லித் தெருவில் உட்கார வேண்டி வந்தது. உத்தரவு தேவையானதே. ஆனால் அதை நிறைவேற்றும் விதம் எப்படி இருக்கும் என்று யோசிக்க வேண்டும். பயிற்சியாளர் வரிசையில் பெண்களே இல்லாத இடத்தில், யாரோ ஒரு பேராசிரியையோ அலுவலகத்துப் பெண்ணோ பெயருக்குச் சேர்க்கப்படுவார். அறைச் சாவியும் சாப்பாட்டுக் கணக்கும் அவர் பொறுப்பு, ஆட்டம் அவர் பொறுப்பில்லை. யாரை ஆடவிடுவது, யாரை வெளியே உட்காரவைப்பது என்று முடிவெடுக்கும் அதிகாரம் பயிற்சியாளரிடமே இருக்கும். தன் எதிர்காலத்தைக் கையில் வைத்திருப்பவரைப் பற்றி, எந்த அதிகாரமும் இல்லாத ஒருவரிடம் ஒரு மாணவி எப்படிப் புகார் சொல்வாள்? பயிற்சித் திட்டத்தில் கையெழுத்துப் போடும் உரிமை உள்ள பெண் அணியில் இருந்தால் மட்டுமே அந்த உத்தரவுக்குப் பொருள் உண்டு.

மாணவியின் உடம்பு பற்றியும் சொல்ல வேண்டும். பெண்கள் ஆடும் பந்தே சிறியது. ஆறாம் அளவு, ஆண்களுடையது ஏழாம் அளவு. குதித்து இறங்கும்போதும் சட்டென்று திரும்பும்போதும் முழங்காலின் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் என்பது விளையாட்டு மருத்துவம் திரும்பத் திரும்ப உறுதிசெய்த செய்தி. எப்படி இறங்குவது என்பதை ஒவ்வொரு மாணவிக்கும் தனித்தனியே பார்த்துத் திருத்த வேண்டும். மாதவிடாய் நாளில் எவ்வளவு ஓடுவது என்பதை அவள் கூச்சமில்லாமல் சொல்ல ஓர் ஆள் வேண்டும். கபடி, வாலிபால், தடகளம் என்று எல்லாவற்றையும் ஒரே ஆளாகப் பார்க்கும் உடற்கல்வி இயக்குநருக்கு, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பன்னிரண்டு பேரின் கால்களைப் பார்க்க நேரம் ஏது? அமெரிக்காவின் முதல்தரக் கல்லூரிகளில் ஒரு பெண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரோடு மூன்று உதவியாளர்கள் இருந்தார்கள்; 2023 முதல் ஐவர் வரை வைத்துக்கொள்ளலாம். அத்தனை பேரை நான் கேட்கவில்லை. ஒருவரைக் கேட்கிறேன்.

ஆறு: அதற்குப் பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு. பணம் ஏற்கெனவே செலவாகிக்கொண்டிருக்கிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை பெற்ற ஆட்டக்காரிக்கு ரயில்வேயும் வங்கியும் மாதச் சம்பளம் கொடுக்கின்றன. ஆடும் காலம் முப்பது, முப்பத்திரண்டு வயதில் முடிகிறது. ஓய்வு பெறும் வயது அறுபது. நடுவிலுள்ள ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு அவள் கோப்புகளைப் பார்க்கிறாள், பயணச்சீட்டைச் சரிபார்க்கிறாள். அந்த வேலைகள் மதிப்புள்ளவையே, ஆனால் அவற்றைச் செய்யப் பலர் இருக்கிறார்கள். பேராசிரியர்களையும் அரசு அதிகாரிகளையும் அயல்பணியில் அனுப்பும் முறை நம் நிர்வாகத்துக்குப் புதிதில்லை. சம்பளமும் ஓய்வூதிய உரிமையும் அப்படியே இருக்க, ஆண்டில் சில மாதங்களோ மூன்று ஆண்டுகள் சேர்ந்தாற்போலவோ ஒரு கல்லூரி அணிக்கு அவளை அனுப்புவதால் எந்தக் கருவூலமும் காலியாகாது. வேலையை விட்டு வா என்று அவளிடம் யாரும் சொல்லத் தேவையில்லை. பாதுகாப்பா பயிற்சியா என்ற தேர்வை அவள் தலையில் கட்டியது நாம்தான்.

இதையெல்லாம் ஏற்றுக்கொண்டாலும் கடைசியாக ஒரு தயக்கம் மிஞ்சுகிறது: புதுவயல்போல ஒரு சிற்றூரில் இதற்கெல்லாம் இடம் இருக்கிறதா? பெருநகரத்தில் முதலில் நடக்கட்டும் என்பார்கள். சென்னையில் ஆடுகளமும் உண்டு, கிளப்புகளும் உண்டு, ஆடிய அக்காக்களும் பக்கத்திலேயே உண்டு. மாலையில் ஓர் ஆடுகளத்துக்குப் போகும் ஒரு பெண் எதையாவது பார்த்துக் கற்றுக்கொள்வாள். புதுவயல் பக்கத்துப் பெண்ணுக்கு அந்த வாய்ப்பு இல்லை. கல்லூரியில் ஆடியவர் ஒருவர் வந்து நின்றால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இந்த வட்டாரத்தில் அடித்தளம் இல்லாமலும் இல்லை. அழகப்ப செட்டியார் 1947இல் தொடங்கிவைத்த கல்லூரியிலிருந்து ஒரு பல்கலைக்கழகமே வளர்ந்து காரைக்குடியில் நிற்கிறது. அதற்கென்று உடற்கல்வியியல் கல்லூரியும் இருக்கிறது. சுற்றிலும் பெண்கள் படிக்கும் கலைக்கல்லூரிகள் இருக்கின்றன. உடற்கல்வி படித்தவர்களை உருவாக்கும் ஊரில், ஆடியவர்களையும் அவர்களோடு சேர்த்துவிட்டால் முழுமையான பயிற்சிக் குழு ஒன்று சிவகங்கை மாவட்டத்திலேயே அமைந்துவிடும். கொடையால் கல்வி வளர்ந்த மண் இது. ஒரு கட்டடத்துக்குக் கொடுப்பதில் ஒரு சிறு பங்கு, ஓர் உதவிப் பயிற்சியாளரை ஆண்டு முழுதும் வைத்துக்கொள்ளப் போதும்.

மூன்று கோரிக்கைகளை உரியவர்கள் முன் வைக்கிறேன். மானியக் குழு தன் விதியில், பதக்கத்தோடு, இந்திய சீனியர் அணிக்காக ஆடியதையும் தகுதியாகச் சேர்க்கட்டும். பயிற்சியாளர், உதவிப் பயிற்சியாளர் என்ற பதவிகளை உண்டாக்கட்டும். ரயில்வேயும் வங்கிகளும் ஆட்டம் முடித்த பெண்களை அயல்பணியில் கல்லூரிகளுக்கு அனுப்பட்டும். மூன்றாவது கோரிக்கை கல்லூரி நிர்வாகிகளிடம். முதல் இரண்டும் டெல்லியில் நகர ஆண்டுகள் ஆகலாம். நீங்கள் அது வரை காத்திருக்கத் தேவையில்லை. வரும் கல்வியாண்டு ஜூனில் தொடங்குகிறது. உங்கள் மகளிர் அணியின் பெஞ்சில், உடற்கல்வி இயக்குநரின் பக்கத்தில், ஆடிய பெண் ஒருவருக்கு ஓர் இருக்கை போடுங்கள். பதவிப் பெயரை உதவிப் பயிற்சியாளர் என்றே எழுதுங்கள், சம்பளத்தையும் எழுதுங்கள்.